மஞ்சள் கால் கோழிகள்

கோழியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துக் காமாலை சோதித்த முதல் மனிதர் கரையான்சாவடிக் கறிக்கடை வேம்புலியாகத்தான் இருக்க வேண்டும். மனிதனுக்குக் காமாலை என்றால் கண்ணைப் பார்ப்பார்கள், நகத்தை அழுத்திப் பார்ப்பார்கள். அதே நினைப்பில் அவர் சாமுண்டீஸ்வரியின் கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு, ஒரு பிராய்லர் கோழியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கட்டைவிரலால் அதன் இமையை இழுத்தார். கோழிக் கண்ணில் வெள்ளை என்று ஒன்று தெரிந்தால்தானே அது மஞ்சளாகியிருக்கிறதா என்று சொல்ல முடியும்! கோழி அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, லுங்கியில் எச்சமிட்டது.

"கண்ணுல ஒன்னியும் தெரியல" என்றார் வேம்புலி. "ஆனா காலப் பாரு தங்கச்சி. மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தா மாரி கீது."

சாமுண்டீஸ்வரி பார்க்காமலா இருப்பாள்? பதினைந்து நாளாக அவள் பார்த்துக்கொண்டிருப்பதே அதைத்தான். அந்தக் காலத்தில் பிராய்லர் என்றால் எல்லாம் வெள்ளை. இறகு வெள்ளை, தோல் வெள்ளை, கால் மெழுகுவத்தி. ருசியே இல்லை என்று திட்டிக்கொண்டே பூந்தமல்லிக்காரர்கள் வாங்கினார்கள். ஆனால் வெள்ளையாக இருக்கிறதே, சுத்தமாக இருக்கிறதே என்ற நம்பிக்கையில்தான் வாங்கினார்கள். இவள் கொட்டகைக் கோழிகளோ காலும் அலகும் மஞ்சள் பூத்து, கல்யாணப் பெண்கள் மாதிரி உலவிக்கொண்டிருந்தன.

"போன வாரம் இட்டுகினு போனதுல பாதி திரும்பி வந்துச்சு" என்றார் வேம்புலி. "தோலை உரிச்சா உள்ள கொழுப்பும் மஞ்சளா கீது. ஒரு டீச்சரம்மா கறியை மூஞ்சில வுட்டெறியாத கொறை. புரட்டாசி முடிஞ்சு ஊரே கறிக்கு நாக்கத் தொங்கப் போட்டுகினு கீற நேரம். எனுக்கு மட்டும் ஆசையா இத்த வாணாம்னு சொல்ல?"

"நோய் கண்டா கோழி தீனி எடுக்குமாண்ணே? எப்படித் துன்னுது பாரு."

வேம்புலி பார்த்தார். கோழிகள் தொட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு தின்றன. அவர் எழுந்து லுங்கியைத் துடைத்துக்கொண்டார். சொல்லப் பிடிக்காத ஒன்றைச் சொல்லுகிற மனிதரைப்போல வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாகப்பனக் கொன்ன குட்டைப் பாசியைத்தானே போடற? ஜனங்க அதத்தான் பேசிகினு கீறாங்க. உன் ஊட்ட விட்டு காமாலை இன்னும் போவலியாம்."

வந்த மூன்று சக்கர வண்டி காலிக் கூண்டுகளோடு திரும்பிப் போயிற்று. அது பாரிவாக்கம் திருப்பத்தில் மறையும்வரை சாமுண்டீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். கறிக்கோழியை மாடு மாதிரி கட்டிவைத்துக் காப்பாற்ற முடியாது. பருவம் தாண்டினால் தன் எடையையே தாங்காமல் கால் மடங்கி உட்கார்ந்துவிடும். ஊர் இவள் கோழியைத் தின்னாவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான். மூடினால் ஊர் சொன்னது மெய் என்று ஆகிவிடும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாகப்பன் அவள் புருஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த கம்பெனி கதவைச் சாத்தியதும், கைக்கு வந்த பணத்தை வைத்துக் கொட்டகை போட்டவன். சும்மா இருக்கத் தெரியாத ஆள். ஊர்க்கோடிக் குட்டைக்கு வாத்து மேய்க்கிறவர்கள் வந்து இறங்குவார்கள். வரும்போது எலும்பும் தோலுமாக இருக்கும் வாத்துகள், குட்டையில் மிதக்கும் பொடிப் பாசியைச் சலித்துத் தின்று, போகும்போது ஆடி ஆடிப் போகும். கடுகை நசுக்கிப் போட்டதுபோல் சின்னச் சின்ன வட்ட இலை. வழித்து எடுத்தால் மறு வாரமே குட்டையை மூடிவிடும். "வாத்துக்கு ஆவற சோறு கோழிக்கு ஆவாதா?" என்று நாகப்பன் பழைய கொசுவலையை இரண்டு மூங்கிலில் கட்டி, இடுப்புத் தண்ணீரில் இறங்கிப் பாசி அரிக்க ஆரம்பித்தான். பக்கத்தில் ஆகாயத்தாமரையும் மண்டிக்கிடந்தது. அதைக் கோழி மோந்துகூடப் பார்க்கவில்லை. பாசியை நிழலில் உலர்த்தி நொய்யோடும் தவிட்டோடும் பிசைந்து போட்டால் மட்டும் சண்டை போட்டுத் தின்றன.

அந்த மழைக் காலத்திலேயே அவனுக்குக் காமாலை கண்டது. ஆஸ்பத்திரியில் காமாலை எந்தத் தண்ணீரிலும் வரும் என்றுதான் சொன்னார்கள். ஊருக்குக் கையில் ஒரு குட்டை இருக்கும்போது வேறு தண்ணீர் எதற்கு? குட்டைதான் என்று தீர்ப்பாகிவிட்டது.

நாகப்பனின் அக்கா ராஜம்மா முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஓடிவந்தாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கையோடு நாட்டு வைத்தியரையும் கூட்டிவந்து கடுமையாகப் பத்தியம் வைத்தாள். எண்ணெய் கிடையாது, காரம் கிடையாது, கறி பெயரையே எடுக்கக் கூடாது. கீழாநெல்லி அரைத்த மோர், உப்பில்லாத சோறு, இவ்வளவுதான். நாகப்பனோ கொட்டகைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பான். "சாமுண்டி, ஒரே ஒரு துண்டு. வாயில வெச்சுட்டுத் துப்பிடறேன்" என்று கெஞ்சுவான். அவள் கொடுக்கவில்லை. உடம்பு தேறட்டும், கோழியையே உரித்துப் போடுகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளினாள். அவன் தேறவில்லை.

கருமாதியன்று ராஜம்மா கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "கொட்டகை நெறைய கோழிய வெச்சுகினு என் தம்பிய ஒரு துண்டு கறிக்கு ஏங்க வெச்சு அனுப்பிட்டாளே பாவி" என்று கத்தினாள். பத்தியம் வைத்தவளே அப்படிக் கத்தலாமா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. சாமுண்டீஸ்வரிக்கும் வரவில்லை. அன்றிலிருந்து ராஜம்மா இந்த வாசலை மிதிக்கவில்லை. சாமுண்டீஸ்வரி கோழிக்கறியை வாயில் வைக்கவில்லை. வளர்ப்பாள், அறுப்பாள், ஆக்கிக்கூடப் போடுவாள். தின்ன மாட்டாள். ஏன் என்று கேட்டால், சூடு பிடிக்கும் என்பாள்.

குட்டைப் பக்கமும் பல மாதம் போகவில்லை. இந்த ஆவணியில் மக்காச்சோளம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் போனபோதுதான், உத்தரத்தில் செருகியிருந்த கொசுவலையைப் பார்த்தாள். அவன் ஆரம்பித்துப் பாதியில் விட்ட காரியம் அது ஒன்றுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குட்டையில் இறங்கினாள். ஊர் பார்த்தது. அன்றே வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்துவிட்டது.

வேம்புலி காலி வண்டியோடு போன சாயங்காலம், எதிர்வீட்டுக் கெங்கம்மாள் ஒரு பெரிய கட்டுக் கீழாநெல்லியோடு வந்து நின்றாள். கெங்கம்மாள் நல்லவள். ஊர் வம்பை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவளும் அவள்தான், சேர்த்த இடத்தில் உட்கார்ந்து அழுகிறவளும் அவள்தான்.

"இத்த அரைச்சி தண்ணியில கலந்து வையி. மனுசனுக்குக் கேக்கறது கோழிக்குக் கேக்காதா?" என்றாள்.

சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. ஒருவேளை மெய்யாகவே காமாலையாக இருந்துவிட்டால்? அந்தக் குட்டைதான் அவனைத் தின்றது என்று ஆகிவிட்டால்? புருஷனுக்கு அரைத்த அதே அம்மியில் கோழிக்குக் கீழாநெல்லி அரைத்தாள். அந்தப் பச்சை வாசனை எழுந்ததும் "வாயில வெச்சுட்டுத் துப்பிடறேன்" என்ற குரல் பக்கத்தில் கேட்டது. அம்மிக்குழவியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் மறுபடியும் அரைத்தாள். கோழிகள் காத்திருக்கின்றனவே!

கோழிகள் கீழாநெல்லித் தண்ணீரையும் சப்புக்கொட்டிக் குடித்தன. கால்கள் இன்னும் நன்றாக மஞ்சளித்தன.

விடை கிடைத்தது கொட்டகைக்குள் இல்லை, அடுப்படிப் புறத்தில். மற்றவை மிதித்துவிடும் என்று நாலைந்து நொண்டிக் கோழிகளை அங்கே ஒரு பஞ்சாரத்தில் போட்டு மூடி வைத்திருந்தாள். அவற்றுக்குப் பாசி கிடையாது, மிஞ்சின சோறுதான். ஒருநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளுத்த கால். பழைய பிராய்லர் கால். ஒரே நாளில் பொரித்து வந்த குஞ்சுகள், ஒரே கூரை, ஒரே கிணற்றுத் தண்ணீர். பாசி தின்றது மஞ்சள், சோறு தின்றது வெள்ளை. நல்ல தீனி எடுத்து ஓடுகிறது மஞ்சள், நோஞ்சானாகக் கிடப்பது வெள்ளை!

அப்போதும் மனசு அடங்கவில்லை. கொட்டகையில் இருந்ததிலேயே மஞ்சள் கூடிய சேவலைப் பிடித்து அறுத்தாள். வயிற்றைக் கிழித்து, ஈரலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். நாகப்பனின் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, ஈரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னது அவள் காதைவிட்டுப் போகவேயில்லை. இந்த ஈரல் வீங்கவில்லை. கருஞ்சிவப்பாக, வழவழவென்று, புள்ளி ஒன்று இல்லாமல் இருந்தது. எத்தனையோ கோழி அறுத்த கை அது. நல்ல ஈரல் எது என்று அதற்குத் தெரியும்.

"உன் பாசி ஒன்னும் பண்ணலய்யா" என்று சத்தமாகவே சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

அன்று மதியமே ஒரு நொண்டிக் கோழியையும் அறுத்து, ஒரு மஞ்சள் காலையும் ஒரு வெள்ளைக் காலையும் வாழையிலையில் சுற்றிக்கொண்டு கரையான்சாவடிக்கு நடந்தாள். வேம்புலியின் கடை மெயின் ரோட்டிலேயே இருந்தது. அவர் இரண்டு காலையும் கல்லாவின் மேல் வைத்துப் பார்த்தார். நொண்டிக் கோழிக் கதையைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. ஆனால் அது வியாபாரி முகத்தின் தெளிவு.

"எனுக்குப் புரியுது தங்கச்சி. கடைக்கு வர்றவங்களுக்கு எல்லாம் நான் காலைக் காட்டிப் பாடம் நடத்த முடியுமா? ஒன்னு பண்ணலாம். நாட்டுக்கோழிய பொசுக்கி மஞ்சள் தடவறோமில்ல, அதே மாரி இத்தையும் மயிரு புடுங்கி, நெருப்புல வாட்டி, மேல ஒரு கை மஞ்சளத் தடவிடுவோம். எது கோழி மஞ்சளு, எது கடை மஞ்சளுன்னு ஆருக்குத் தெரியும்? நாட்டுக்கோழின்னே போயிடும். சோக்கா போயிடும்!"

யோசனை மோசமில்லை. கொட்டகை காலியாகிவிடும். சாமுண்டீஸ்வரிக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. எதிரே சட்டியில் மஞ்சள்தூள் இருந்தது.

"வாணாம்ணே" என்றாள்.

"இன்னாத்துக்கு வாணாம்?"

"மஞ்சளப் பூசினா மறைக்கத்தானே பூசுனேன்னு ஆவும். என் ஊட்ல காமாலை கீதுன்னு நானே ஒத்துகினா மாரி. கோழி என்னிக்கோ ஒரு நாளு வித்துடும். அந்தப் பேரு போவாது. அவரு குட்டையில எறங்கி நோயத்தான் வாரிகினு வந்தாருன்னு காலத்துக்கும் பேசுவாங்க." இலையை மடித்துக்கொண்டாள். "வர்ற வெள்ளிக்கிழம அவருக்கு வருஷப் படையல். இந்தக் கோழியத்தான் ஆக்கப் போறேன். தோலோட. நீ வந்து துன்னு. துன்னுட்டு அப்பால வாணாம்னா, நான் கொட்டகையப் பிரிச்சிடறேன்."

வேம்புலி தலையைச் சொறிந்தார். நாகப்பனோடு சேர்ந்து நாலு வருஷம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர். வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

படையலுக்கு ஊர் வந்தது. துக்கம் கேட்கவும் வரும், வேடிக்கை பார்க்கவும் வரும், அன்று இரண்டும் சேர்ந்து கொஞ்சம் அதிகமாகவே வந்தது. நாகப்பனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சோறு, வடை, பாயசம், நடுவில் கோழிக்குழம்பு. குழம்பின் மேல் கொழுப்பு உருகி மஞ்சள் மஞ்சளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கிள்ளி எடுத்த கறியைக் கூரைமேல் வைத்தாள். காக்கை கூப்பிடுவதற்கு முன்பே வந்து கொத்திக்கொண்டு போயிற்று. சாமுண்டீஸ்வரி திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

"காக்கா இன்னாத்ததான் துன்னாது?" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

பந்தி உட்கார்ந்தது. எல்லோரும் சோற்றைப் பிசைந்தார்கள், ரசத்தை உறிஞ்சினார்கள், வடையைக் கடித்தார்கள். கறித்துண்டு மட்டும் ஒவ்வோர் இலையிலும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது, வீட்டுக்கு வந்த விரோதியைப்போல. கெங்கம்மாள் தன் துண்டை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்பளத்தால் மூடினாள். வேம்புலி, கோழி விற்றே வயிறு வளர்த்த மனிதர், பாயசத்தை மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டிருந்தார். குழம்புச் சட்டியோடு நடுவில் நின்ற சாமுண்டீஸ்வரி இலை இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

அப்போதுதான் வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது.

ராஜம்மா வருவாள் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. ஆவடியில் ஒரு பஸ், பூந்தமல்லியில் இன்னொன்று என்று மாறி, மழையில் நனைந்து வந்திருந்தாள். கையில் ஒரு பீடிக்கட்டு, தம்பிக்குப் பிடித்த பீடி. யாரையும் பார்க்காமல் நேராகப் போய் அதைப் படத்தின் முன் வைத்தாள். பிறகு இலையைக் குனிந்து பார்த்தாள். பந்தியில் மென்றுகொண்டிருந்த வாய்கள்கூட நின்றுவிட்டன.

"இதான் அந்தக் காமாலைக் கோழியா?"

"காமாலை இல்ல அண்ணி" என்றாள் சாமுண்டீஸ்வரி. "பாசி. அவரு போட ஆரம்பிச்சாரே, அந்தப் பாசி. அத்த துன்னா இப்படி மஞ்சளாவுது."

"ஆரு அரிச்சாங்க?"

"நான்தான்."

"அவன் கொசுவலையிலயா?"

"ஆமா அண்ணி."

ராஜம்மா தம்பியின் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். படைத்த இலையில் வீட்டு மனுஷர்கள்தான் கை வைப்பார்கள். ஒரு வருஷமாக இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவள், சோற்றைப் பிசைந்து, தோலோடு ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். எலும்பை உறிஞ்சினாள். இன்னொரு துண்டு எடுத்தாள்.

"காரம் கம்மி" என்றாள்.

"அவருக்கு ஆவாதேன்னு…"

"தெரியும்." ராஜம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இலையில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. "எண்ணெ படக் கூடாது, கறி காட்டக் கூடாதுன்னு சொன்னது நானு. நான் சொன்ன சொல்ல நீ காப்பாத்துன. அத்த ஆருகிட்ட போயி சொல்லி அழறது? உன்னப் புடிச்சிகினு கத்துனேன்."

சாமுண்டீஸ்வரி சட்டியைக் கீழே வைத்தாள். ராஜம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ராஜம்மா படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பத்தியம் முடிஞ்சிபோச்சுடா நைனா, துன்னு" என்றாள். பிறகு இலையிலிருந்து ஈரலை எடுத்து, சோற்றில் புரட்டி உருட்டி, சாமுண்டீஸ்வரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீ ஒரு வருசமா கோழிய வாயில வெக்கலியாமே. கெங்கம்மா சொல்லி அனுப்பிச்சா. உன் பத்தியமும் முடிஞ்சிபோச்சு. வாயத் தொற."

சாமுண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். முதலில் அழுகைதான் வந்தது. பிறகு மென்றாள். கறி நன்றாக இருந்தது. மெய்யாகவே நன்றாக இருந்தது, அவன் இருந்திருந்தால் சட்டியோடு தூக்கியிருப்பான்.

பின்னால் ஓர் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. கெங்கம்மாள் தன் துண்டை வெளியே எடுத்திருந்தாள். அதற்கப்புறம் பந்தி முழுக்க எலும்பு கடிபடும் சத்தம்தான். வேம்புலி விரலை நக்கிக்கொண்டே, "கார்த்தால வண்டிய இட்டாறேன் தங்கச்சி, மஞ்சளு கிஞ்சளு ஒன்னும் தடவல" என்றார். பிறகு இலையைத் தட்டி, "இன்னாம்மா, இங்க கொழம்பு ஊத்துவியா மாட்டியா?" என்று கேட்டார்.

வாய் நிறைய இருந்ததால் சாமுண்டீஸ்வரியால் பதில் சொல்ல முடியவில்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டு, எழுந்து கரண்டியை எடுத்தாள்.